காட்டுக்குள் எந்த வண்டி போகலாம்?

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். கடைசி 16 கிலோமீட்டர், பென்னாகரத்தைத் தாண்டியதும் காப்புக்காட்டுக்குள் இறங்குகிற மலைப்பாதை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அதில் இறங்கிக்கொண்டிருந்தபோது முன்னும் பின்னும் கர்நாடகப் பதிவெண் போட்ட பைக்குகள் வரிசையாகப் போயின. ஹெல்மெட்டில் கேமரா, முழங்காலில் கவசம், டாங்கின் மேல் கட்டிய பை. பெங்களூரில் இருட்டோடு கிளம்பினால் அருவியில் குளித்து, கரையோரக் கடையில் மீன் வறுவல் சாப்பிட்டு, ராத்திரிக்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். வாரம் முழுக்க அறைக்குள் அடைந்து கிடப்பவர்களுக்கு இந்தச் சாலை என்ன கொடுக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நான் வந்ததும் இரண்டு சக்கர வண்டியில்தான். உசில மரமும் மூங்கிலும் இரு பக்கமும் நெருங்கிவர, வளைவுக்கு வளைவு வெயில் மறைந்து தெரிய, காவிரியை நோக்கி வண்டியைச் சாய்த்து இறக்குவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அதை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை.

முண்டச்சிப்பள்ளம் பக்கம் யானை நடமாட்டம் இருக்கிறது, வண்டியை நிறுத்தாதீர்கள் என்று எச்சரிக்கைப் பலகை. அதற்குச் சற்றுத் தள்ளி, வனத்துறையின் தற்காலிகக் காவலர் ஒருவர் மரத்தடியில் நின்றிருந்தார். வனத்துறைப் பச்சைச் சட்டை, கையில் ஒரு கம்பு, அவ்வளவுதான். பேச்சுக் கொடுத்தேன்.

“ரோட்டு மேல போறவங்களால பெரிய தொந்தரவு இல்லீங்க. நின்னு போட்டோ புடிப்பாங்க, குரங்குக்குப் பொரி போடுவாங்க, சத்தம் போட்டு அனுப்பிடுவோம். ரோட்ட விட்டு உள்ள எறங்கறாங்க பாருங்க, அவங்களத்தான் ஒண்ணும் செய்ய முடியல. எங்க நடைக்கு அவங்க வண்டி எட்டுமா?”

அவர் கை காட்டிய இடத்தில் புதருக்குள் ஒரு தடம் பிரிந்து போனது. இந்தக் காடுகளில் இப்படிப்பட்ட தடங்கள் நிறைய. மூங்கில் கூப்பு எடுத்த காலத்து லாரிப் பாதை, கோடையில் தீ பரவாமலிருக்க வெட்டிய கோடு, வீரப்பனைத் தேடி அதிரடிப்படை ஜீப் ஓட்டிய வழி. 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே பாடியில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு காட்டைப் பற்றிய பயம் விலகியது. வெளியூர்க்காரர்கள் தைரியமாக வர ஆரம்பித்தார்கள். அன்று காவலுக்குப் போட்ட பாதைகளைத்தான் இன்று ஆஃப்ரோடு பைக்கர்கள் தேடி வருகிறார்கள்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் 21-ஆம் பிரிவில் காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைவதைக் குற்றம் என்கிறது. சரணாலயம் என்றால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வருகிறது. அதன் 27-ஆம் பிரிவு அனுமதியில்லாமல் யாரும் நுழையக் கூடாது என்று சொல்லிவிட்டு, சிலருக்கு விலக்குத் தருகிறது. பணியில் இருக்கும் அரசு ஊழியர், உள்ளே குடியிருக்க அனுமதி பெற்றவர், உள்ளே நிலம் வைத்திருப்பவர், இவர்களைச் சார்ந்து வாழ்பவர், பிறகு பொது நெடுஞ்சாலை வழியாகக் கடந்து போகிறவர். தார்ச்சாலையில் போகும்வரை பைக்கர் இந்தக் கடைசி வரிசையில் வருகிறார். டயர் மண்ணில் இறங்கியதும் அந்த விலக்கு அவருக்கு இல்லை.

இதே 1972-ஆம் ஆண்டு பிப்ரவரி 8 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் பொது நிலங்களில் ஆஃப்ரோடு வாகனங்களை ஒழுங்குபடுத்த ஓர் ஆணை பிறப்பித்தார். எந்தத் தடத்தில் ஓட்டலாம், எங்கே கூடாது என்று நிலத்தைப் பராமரிக்கும் துறைகள் வகுக்க வேண்டும். மண்ணுக்கும் விலங்குக்கும் மற்ற மனிதர்களுக்கும் தொல்லை குறைவாக இருக்கும்படி வகுக்க வேண்டும் என்றது அந்த ஆணை. 1977-இல் கார்ட்டர் அதை இறுக்கினார்: சேதம் தெரிந்தால் அந்த இடத்தை உடனே மூடு. அங்கே இந்தச் சண்டை அரை நூற்றாண்டாக நடக்கிறது. ஆனால் அந்த ஆணையின் வரையறையிலேயே ஒரு விஷயத்தை விலக்கி வைத்திருந்தார்கள். அவசரத்துக்கு ஓடும் தீயணைப்பு வண்டியும் மருத்துவ வண்டியும் ஆஃப்ரோடு வாகனம் என்ற கணக்கில் சேராது. எந்த வண்டி என்பதோடு எதற்காக ஓடுகிறது என்பதையும் பார்த்தார்கள். தருமபுரியில் சுற்றிய நாட்களில் இந்த வேறுபாடு என் மனதை விட்டுப் போகவில்லை.

காவலர் என்னைச் சின்னாற்றுப் பக்கம் அழைத்துப் போனார். மழை இல்லாத மாதம். ஆற்று மணலில் டயர் தடம் எட்டுப் போட்டுக் கிடந்தது. கரையில் நீர்மருதும் புங்கனும் கிளையோடு கிளை கோத்து நிற்கின்றன. நரை அணில் என்கிற சாம்பல் நிறப் பெரிய அணில் இந்தக் கரையோர மரங்களை நம்பி வாழ்கிறது. தரையில் இறங்காமல் கிளை வழியாகவே போய்வரும். காவிரியில் நீர்நாயும் முதலையும் உண்டு. அழிந்துவரும் லீத் மெல்லோட்டு ஆமையும் உண்டு. மெல்லோட்டு ஆமைகள் கரை மணலைத் தோண்டித்தான் முட்டையிடுகின்றன. அந்த மணலில்தான் வண்டியை வட்டமடிக்கிறார்கள். ஓட்டுகிறவருக்கு மணலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிய வழியில்லை. அதனால்தான் முன்கூட்டியே தடை வேண்டும். சேதத்தைப் பார்த்த பிறகு தண்டனை கொடுத்துப் பயனில்லை.

மலைச்சரிவில் பாதிப்பு வேறு மாதிரி. இந்த மண் மெல்லியது. ஒரே தடத்தில் டயர் திரும்பத் திரும்ப ஏறினால் மண் இறுகி, மழைநீர் உள்ளே இறங்காமல் தடத்தோடு ஓடுகிறது. இரண்டு மழைக்காலத்தில் தடம் ஓடையாகிவிடும். டயர் பள்ளங்களில் ஒட்டி வரும் விதைகள், களை இல்லாத இடத்திலும் களையை முளைக்கவைக்கும். உன்னிச்செடி ஏற்கெனவே பாதிக் காட்டை மூடிவிட்டது, இன்னும் புதிதாக எதையும் கொண்டுவர வேண்டாம்.

யானை விஷயத்தில் இந்த மாவட்டம் பட்டது அதிகம். பன்னேர்கட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாகக் குளிர்காலத்தில் ராகி விளையும் நேரத்தில் யானைகள் இறங்கி வருவது வழக்கம். 2023-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் பாலக்கோடு பகுதியில் ஒரு மக்னாவை, அதாவது தந்தமில்லாத ஆண் யானையை, பிடித்து ஆனைமலைக்குக் கொண்டுபோனார்கள். அது அங்கே தங்காமல் கோயம்புத்தூர்வரை நடந்து வந்தது. மார்ச் 7 அன்று மாரண்டஅள்ளி அருகே காளிக்கவுண்டன்கொட்டாயில் தோட்டத்து மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டன. பக்கத்தில் இரண்டு குட்டிகள் நின்றன. அதே மார்ச் 18 அன்று கம்பைநல்லூர் பக்கம் தாழ்ந்து தொங்கிய உயரழுத்தக் கம்பி இன்னொரு யானையைக் கொன்றது. இவற்றில் எதுவும் பைக்கால் நடந்ததில்லை. ஆனால் காட்டின் உள்பகுதியில் நிம்மதியாக நிற்க இடமில்லாத யானை விளிம்புக்குத்தான் வரும். விளிம்பில் வயலும் மின்வேலியும் இருக்கின்றன. சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓடும் வண்டிகள் உள்ளே சுற்றுவதை அந்தக் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2014-இல் 504 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தை அறிவித்தது. 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகள் இப்படிக் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயத்தோடு இணைந்தன. 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் நெடுஞ்சாலையில் இரவுப் போக்குவரத்துத் தடையை ஈரோடு ஆட்சியர் 2019 ஜனவரியிலேயே பிறப்பித்தும், அது 2022 பிப்ரவரி 10 அன்றுதான், சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு நடைமுறைக்கு வந்தது. அந்தச் சாலையை நம்பியிருக்கும் தாளவாடி மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஆம்புலன்சுக்கு முதலிலேயே விலக்கு இருந்தது. உள்ளூர் மக்களின் வண்டிகளுக்குப் பின்னர் தளர்வு கிடைத்தது. தடை வேண்டும் என்பவர்கள் எல்லாரும் அந்தப் பின்பாதிக் கதையையும் படிக்க வேண்டும்.

ஏனென்றால் ஒகேனக்கல் சாலையை விட்டுக் கோட்டூர் மலைக்கு ஏறினால் படம் அப்படியே மாறுகிறது.

பென்னாகரம் ஒன்றியம் வட்டுவனஅள்ளி ஊராட்சியைச் சேர்ந்தது கோட்டூர். பல தேர்தல்களில் செய்தித்தாள்களில் ஒரு படம் வரும்: வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை முதுகில் கட்டி, பின்னால் அதிகாரிகள் வேர்க்க வேர்க்க நடந்து ஏறும் படம். அந்த ஊர்தான் இது. நான் ஏறிய நாளில் அங்கே கழுதைப் பாதைதான் இருந்தது. உருண்டைக் கற்கள், இடையிடையே பாறை, இரண்டு பக்கமும் காப்புக்காடு. அரிசியும் பருப்பும் சிமெண்டும் எல்லாம் கழுதைமேல்தான் வந்தன. பாதி வழியில் நிழலுக்கு ஒதுங்கியிருந்த ஒரு பாட்டி, தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஓட்டுப் பொட்டி கழுத மேல வருது சாமி. நோயாளி மனுசன் தோள்மேல போறான். அவனுக்குக் கழுதகூட ஆவாது, விழுந்துருவான்.”

டோலி கட்டித்தான் இறக்குகிறார்கள். ஒரு போர்வை, நீளமான மூங்கில், மாற்றி மாற்றித் தோள் கொடுக்க ஆட்கள். பிரசவ வலி வந்தவளும் பாம்பு கடித்தவனும் ஒரே வழியில் இறங்க வேண்டும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பகுதியில் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தபோது நாடே பார்த்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் சாலை தீர்ந்த இடத்தில் இறக்கிவிட, தாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறினாள். அந்தச் சாலையும் காட்டு நிலத்தின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது.

காட்டைக் காக்கிற அதே சட்டங்களின் நிழலில்தான் இதுவும் நடக்கிறது. மலையடிவாரத்து டீக்கடையில் ஓர் இளைஞர் மனுக்களைக் கோத்த கோப்பைக் காட்டினார். ரோடு கேட்டு எழுதியது, பதில் வந்தது, திரும்ப எழுதியது. “காட்டுக்குள்ள ஆத்துல வண்டி ஓட்டறவன யாரும் புடிக்கலண்ணா. எங்களுக்கு மட்டும் பாரஸ்ட் நெலம், அனுமதி வேணும்னு லெட்டர் வருது” என்றார். அவர் குரலில் கோபத்தைவிடச் சோர்வுதான் தெரிந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கேளிக்கைக்கு நுழைகிறவரைப் பிடிக்க ஆள் இல்லை. எழுதிக் கேட்கிறவரை நிறுத்தப் பேனா போதும். எந்தத் தடையும் முதலில் இப்படி எளியவர்மேல்தான் விழுகிறது. 2022 மார்ச்சில் காட்டு மேய்ச்சலுக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டபோதும் இந்தப் பக்கத்து ஆலம்பாடி மாட்டுப் பட்டிக்காரர்கள்தான் முதலில் கலங்கினார்கள். அந்தத் தடை பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருங்கியது.

ஆனால் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவில், காட்டில் வாழும் மக்களுக்கான பள்ளி, மருத்துவமனை, குடிநீர், சாலை போன்ற வசதிகளுக்குக் காட்டு நிலத்தைத் தரலாம் என்கிறது. நிபந்தனைகள் மூன்று: நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். மூன்று மீட்டர் அகலத்தில் சாலை போட்டால் 3.3 கிலோமீட்டரில் ஒரு ஹெக்டேர் தீர்ந்துவிடும். அதைவிட நீளமான மலைப்பாதை என்றால் 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும். இங்கேதான் கோப்புகள் வருடக்கணக்கில் உறங்குகின்றன. ஆம்புலன்ஸ் ஏறும் அளவுக்கு ஒற்றைத் தடச் சாலை, தார் இல்லாமல் கல் பாவியதாகவே இருக்கட்டும். அதற்கு இந்த நாட்டில் பெரிய சுரங்கத்துக்கும் அணைக்கும் எடுக்கிற அதே விண்ணப்பமும் அதே காத்திருப்பும் வேண்டுமா? என் மனம் இதை ஏற்கவில்லை.

வனத்துறையின் பயத்தையும் கேட்க வேண்டும். அதற்காகவே அடுத்து வத்தல்மலைக்குப் போனேன். தருமபுரி நகரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் எழுந்து நிற்கிற மலை. மேலே பால்சிலம்பு, ஒன்றிக்காடு, பெரியூர் என்று மலையாளிப் பழங்குடிகளின் ஊர்கள். இவர்களும் ஒரு காலத்தில் தலைச்சுமையாகத்தான் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். தார்ச்சாலை வந்த பிறகு காப்பியும் மிளகும் சந்தைக்கு இறங்குகின்றன. பிள்ளைகள் கீழே படிக்கப் போகிறார்கள். அதே சாலையின் கொண்டை ஊசி வளைவுகளை விடுமுறை நாளில் பார்க்க வேண்டும். ஒரு பைக் கீழிருந்து முழுவேகத்தில் ஏற, இன்னொருவர் வளைவில் நின்று படம் பிடிக்கிறார். மேலே போனதும் தார் முடிகிற இடத்தில் நிற்பதில்லை. தோட்டத்து ஓரமாக, காட்டுத் தடத்தில், பாறை விளிம்புவரை வண்டி போகிறது. ஆடு ஓட்டி வந்த ஒரு பெரியவர் ஒதுங்கி நின்று அந்தப் புழுதி அடங்கும்வரை காத்திருந்தார்.

ஆக, ரோடு போட்டால் மக்கள் பின்னாலேயே இவர்களும் வருவார்கள் என்று வன அதிகாரி சொன்னால் அது கற்பனை இல்லை. ஆனால் அதற்காக மக்களுக்கு ரோடு தராமல் இருப்பது நோயை விட்டுவிட்டு நோயாளியைத் தண்டிப்பது. தார்ச்சாலையில் நேரக் கட்டுப்பாடு போட மோட்டார் வாகனச் சட்டம் 115-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. மாற்றிய சைலன்சருக்கு அபராதம் போட அதே சட்டத்தில் இடம் உண்டு. காட்டுத் தடங்களின் வாயில் ஒரு தடுப்புக்கட்டை போட்டால் போதும். தோட்டத்துக்குப் போகிறவரும் நோயாளியை ஏற்றுகிறவரும் திறந்துகொண்டு போகட்டும். மற்ற வண்டி எதுவாக இருந்தாலும், யாருடையதாக இருந்தாலும், அங்கேயே நிற்கட்டும்.

பெரியூரில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது வீட்டுக்காரர் உடனே கேட்டார்: “கட்ட போட்டா சரிங்க. சாவி யாருகிட்ட இருக்கும்?”

அந்தக் கேள்விக்குப் பின்னால் இந்த மாவட்டத்தின் ஒரு காயம் இருக்கிறது. அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று 155 வனத்துறையினர், 108 போலீசார், 6 வருவாய்த் துறையினர் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், மக்களை அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காட்டுக்குள் தடை இல்லாமல் நுழைய உரிமை பெற்ற அரசு வண்டிகள் என்ன செய்யக்கூடும் என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. மரத்தடியில் கம்போடு நின்ற அந்தத் தற்காலிகக் காவலர்மேல் இந்தப் பழியைப் போட முடியாது. ஆனால் துறையின் பெயரைச் சொன்னதும் ஒரு மூத்த தலைமுறை ஏன் வாயை மூடிக்கொள்கிறது என்பதை அவருடைய மேலதிகாரிகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சாவிக்கான பதிலும் 2006 சட்டத்திலேயே இருக்கிறது. அதன் 5-ஆம் பிரிவு, வன உயிரினங்களையும் காட்டையும் பல்லுயிர்களையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. சமூக வன வளங்களுக்குள் யார் நுழையலாம் என்று ஒழுங்குபடுத்தவும், கெடுதல் செய்யும் செயலைத் தடுக்கவும் கிராம சபை எடுக்கும் முடிவைக் கடைப்பிடிக்கச் செய்யும் அதிகாரமும் அதில் அடக்கம். சமூக வன வளம் என்பதில் காப்புக்காடும் சரணாலயமும்கூட வரும் என்று வரையறை சொல்கிறது. அதற்கு முதலில் அந்த ஊருக்குச் சமூக வன உரிமையை முறைப்படி அளந்து எழுதித் தர வேண்டும். தமிழ்நாட்டில் அந்த வேலை மிக மெதுவாக நடக்கிறது. உரிமை எழுதப்பட்டுவிட்டால், தடுப்புக்கட்டையை ஊர் காவல் காக்கும், வனத்துறை துணை நிற்கும். ஆற்று மணலில் எட்டுப் போட வருகிறவரை மாதம் ஒருமுறை ரோந்து வரும் ஜீப்பைவிட, தினமும் அந்த வழியில் ஆடு ஓட்டிப் போகிறவர்தான் முதலில் பார்ப்பார்.

இறங்கும் வழியில் மறுபடியும் பென்னாகரம் வந்து, மனுக் கோப்பு வைத்திருந்த இளைஞரைப் பார்த்தேன். அடுத்த கிராம சபையில் என்ன தீர்மானம் எழுதலாம் என்று கேட்டார். இரண்டையும் ஒரே தாளில் போடாதீர்கள் என்றேன். ரோட்டுக்கு 3(2) பிரிவின்கீழ் ஒரு தீர்மானம், எத்தனை மீட்டர் அகலம், எத்தனை மரம் என்று எண்ணிக்கையோடு. அனுமதியில்லாத பைக்குகளையும் ஜீப்புகளையும் காட்டுத் தடங்களில் நிறுத்த 5-ஆம் பிரிவின்கீழ் இன்னொரு தீர்மானம், எந்தத் தடம், எந்த இடத்தில் கட்டை என்று பெயரோடு. ஒன்று மறுக்கப்பட்டாலும் மற்றது நிற்காமல் போகும். இரண்டும் ஒரே ஊரின் கையெழுத்தோடு ஆட்சியர் மேசைக்குப் போனால், காடு கெடும் என்று சொல்லி ரோட்டை மறுப்பது அவ்வளவு சுலபமாக இருக்காது. அவர் கோப்பின் பின்பக்கத்தில் இரண்டு பிரிவு எண்களையும் எழுதிக்கொண்டார். ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கு முன்னால் தடங்களை நடந்து பார்த்துக் கணக்கெடுக்க மூன்று பேரைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.